என்னிடமே சான்று கேட்பதா?

கேள்வி: விக்கிப்பீடியாவில் என் ஆசிரியர் பற்றிய கட்டுரையில் அவர் பிறந்த ஆண்டு தவறாக இருந்தது. திருத்தினேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் ‘சான்று தேவை’ என்று சொல்லிப் பழையபடி மாற்றிவிட்டார். நான் மறுபடி திருத்த, அவர் மறுபடி மாற்ற, கடைசியில் எனக்கு ஓர் எச்சரிக்கை வேறு. அந்த ஆசிரியரிடம் பத்து ஆண்டுகள் பாடம் கேட்டவன் நான். என்னிடமே சான்று கேட்பது என்ன நியாயம்?

பதில்: நீங்கள் சொல்லும் ஆண்டுதான் சரி என்றே நம்புகிறேன். ஆனாலும் சான்று கேட்டவர் பக்கம்தான் நிற்பேன்.

அவரை முகம் தெரியாதவர் என்கிறீர்கள். அவருக்கு நீங்கள் யார்? ஒரு பயனர் பெயர், அவ்வளவுதான். நாளைக்கு இன்னொருவர் வந்து, ‘நானும் அவரிடம் படித்தவன், அந்த ஆண்டும் தவறு’ என்றால் யாரை நம்புவது? எழுதுகிறவர் யார் என்று அங்கே பார்ப்பதில்லை, எங்கிருந்து எடுத்தார் என்றுதான் பார்க்கிறார்கள். சேர்க்கிறவர்தான் சான்று தரவேண்டும் என்பது விதி. அதைக் கேட்டவர் உங்களைப் பொய்யர் என்று சொல்லிவிடவில்லை.

2009 மார்ச்சில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் மறைந்தபோது, அயர்லாந்து மாணவர் ஒருவர் ஒரு வாசகத்தைத் தானே புனைந்து, ஜார் சொன்னதாக விக்கிப்பீடியாவில் சேர்த்தார். பத்திரிகைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காக. சான்று இல்லை என்று தன்னார்வலர்கள் நீக்கினார்கள், அவர் திரும்பச் சேர்த்தார். இதற்குள் ‘கார்டியன்’ உட்படப் பல நாளிதழ்கள் அதை எடுத்து இரங்கல் கட்டுரையில் அச்சிட்டுவிட்டன. சம்பளம் வாங்கும் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் கேட்காத கேள்வியை, சம்பளம் இல்லாத அவர்கள் கேட்டிருந்தார்கள்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் இதழில் ஒரு நாடகக் கலைஞரைப் பற்றி எழுதினோம். அச்சுக்குப் போகும் அவசரத்தில் அவர் பிறந்த ஆண்டை விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தோம். அங்கே அதற்கு அடிக்குறிப்பு கிடையாது. பிறகு அவர் குடும்பத்தார் கடிதம் போட்டார்கள், ஆண்டு தவறு என்று. பதறிப்போய் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஆண்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சிறிய எண் இருந்தது. சொடுக்கினால் நம் இதழின் பெயர், மாதம், பக்க எண்! அவர்களிடமிருந்து நாங்கள் எடுத்த தவறுக்கு எங்களையே சான்றாக்கியிருந்தார்கள். திருத்தம் வெளியிட்டோம். ஆனால் அதற்குள் அந்த ஆண்டு வேறு எங்கெல்லாமோ போய்விட்டிருந்தது.

‘நேரில் அறிந்தவன் பேச்சுக்கு மதிப்பே இல்லையா?’ என்று கேட்பீர்கள். எழுத்தாளர் பிலிப் ராத்துக்கும் இதே கோபம் வந்தது. அவருடைய நாவலின் நாயகன் யாரைப் பார்த்து எழுதப்பட்டவன் என்று விக்கிப்பீடியா சொன்னது தவறு என்றார். எழுதியவரே சொன்னாலும் வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. 2012இல் அவர் ‘நியூ யார்க்கர்’ இதழின் இணையதளத்தில் திறந்த கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே சான்றாகிவிட்டது. விமர்சகர்கள் இன்னது சொன்னார்கள், நாவலாசிரியர் மறுத்தார் என்று இரண்டையும் அவரவர் பெயரோடு எழுத வழி பிறந்தது. ராத் முதலில் சொன்னதும் அதேதான். ஆனால் கடிதத்தை யாரும் எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

உங்கள் திருத்தத்தை நீக்கியவரிடமும் ஒன்று கேட்க வேண்டும். பழைய ஆண்டுக்கு அடிக்குறிப்பு இருந்ததா? இல்லை என்றால், சான்றில்லாத ஒன்றை எடுத்துவிட்டுச் சான்றில்லாத இன்னொன்றைத்தானே அவர் காப்பாற்றியிருக்கிறார்? அப்போது இரண்டு ஆண்டுமே போக வேண்டும், இடம் காலியாக இருக்கட்டும். புதிதாக வந்தவரின் திருத்தம் என்றாலே கை தானாக ‘மீளமை’க்கு, அதாவது பழையபடி மாற்றும் பொத்தானுக்குப் போகும் பழக்கம் விக்கிப்பீடியாவின் சில பழைய தொகுப்பாளர்களுக்கு உண்டு. சான்று கேட்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது. எடுத்தெறிந்து பேசுகிற உரிமை இல்லை. இப்படித்தான் விஷயம் தெரிந்த பலர் மனம் வெறுத்துப் போய்விடுகிறார்கள்.

இனிமேல் மாற்றி மாற்றித் திருத்தாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், சரியான தகவலுக்காகவே என்றாலும் தடை விழலாம். கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று அதனுடனேயே உள்ள பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். பழைய ஆண்டுக்கு என்ன ஆதாரம் என்று நிதானமாகக் கேளுங்கள். உங்கள் ஆசிரியர் நூல் எழுதியிருந்தால் பின்னட்டையைப் பாருங்கள். பிறந்த ஆண்டு போன்ற எளிய விவரத்துக்கு அவரே தன்னைப் பற்றி எழுதி வெளியிட்டதும் பெரும்பாலும் போதும். அவர் ஓய்வுபெற்றபோது செய்தித்தாளில் வந்த குறிப்பு கிடைத்தாலும் நல்லது, தேதியும் பக்க எண்ணும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒன்றுமே கிடைக்கவில்லையா? அவரிடம் படித்த அந்தப் பத்து ஆண்டுகளை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள், வெளியிடுகிறோம். பிறந்த ஆண்டுக்கு மட்டும் நாங்களும் ஆதாரம் கேட்போம்.