கிண்டிக்கும் சிறுசேரிக்கும் நடுவே ஒரு குடும்பம்: சென்னையில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

கேள்வி: மதுரையில் சொந்த வீட்டில் இருக்கிறோம். அடுத்த மே மாதம் சென்னைக்கு மாறுகிறோம். கணவருக்குச் சிறுசேரி சிப்காட்டில் ஐடி வேலை, வாரத்தில் மூன்று நாள் அலுவலகம். எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு, ஆறு நாளும் போக வேண்டும். மகன் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி. வாடகை 25,000 வரை கொடுக்கலாம். சொந்தக்காரர்கள் வேளச்சேரி என்கிறார்கள், கணவரின் நண்பர்கள் நாவலூர் என்கிறார்கள். சென்னை எங்களுக்குப் பழக்கமில்லை. எங்கே பார்ப்பது?

பதில்:

முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம். வாரத்துக்கு உங்கள் கணவருக்குப் போக வர 6 பயணம். உங்களுக்கு 12. மாமியாருக்குப் பயணமே இல்லை, ஆனால் பகல் முழுக்க அந்த வீட்டிலும் அந்தத் தெருவிலும் இருக்கப் போகிறவர் அவர்தான். அதிகச் சம்பளம் வாங்குகிறவரின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பது பல குடும்பங்களில் ஒரு பழக்கமாகவே இருக்கிறது. தினமும் இரண்டு பேருந்து மாறி, இரவு எட்டு மணிக்கு வந்து அடுப்பு பற்றவைக்கிற பெண்ணைப் பற்றி அந்தக் கணக்கில் யாரும் யோசிப்பதில்லை. அதனால் முதலில் உங்களுக்கும் மாமியாருக்கும் பொருந்துகிற இடத்தைப் பார்ப்போம். கணவரின் வழியை அதற்குப் பிறகு சரிசெய்யலாம். அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வாவது கிடைக்கிறது.

கிண்டிக்குத் தினமும் போகிறவருக்கு இந்த ஊரில் கிடைக்கிற பெரிய வரம் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில். பேருந்து எப்போது வந்து சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ரயிலுக்கு டிராஃபிக் கிடையாது, குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், மாதச் சீட்டு எடுத்தால் இன்னும் மலிவு. ஆகவே அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் நீங்கள் வீடு தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

என் முதல் தேர்வு நங்கநல்லூர். பழவந்தாங்கல் நிலையத்தில் ஏறினால் அடுத்தது பரங்கிமலை, அதற்கடுத்தது கிண்டி. இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். ஒரு நாள் ரயில் தகராறு செய்தால் நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையம் இருக்கிறது, அதுவும் கிண்டி வழியாகத்தான் போகிறது. மாமியாருக்கு நடக்கிற தூரத்தில் கோயில்கள், காய்கறிக் கடை, பூக்கடை, மாலையில் பேச்சுத் துணைக்கு அவர் வயதுக்காரர்கள். மதுரையில் தெருவோடு வாழ்ந்து பழகியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும், முதியோருக்கென்று 2024இல் வந்த தேசிய மையமும் இருக்கின்றன. இரண்டும் அரசு மருத்துவமனைகள், முழங்காலைக் காட்டப் போக வர எளிது. குறை என்றால் விமானச் சத்தம். அதோடு, பெருமழையில் தில்லை கங்கா நகர், பழவந்தாங்கல் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்று போக்குவரத்து அறுந்துவிடும். அந்த மாதிரி நாளில் மெட்ரோதான் கை கொடுக்கும்.

உங்கள் கணவர் இங்கிருந்து கீழ்க்கட்டளை போய், பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலையைப் பிடித்து ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஏறி, தெற்கே சிறுசேரிக்குத் திரும்ப வேண்டும். காலை நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள்தானே. நிறுவனப் பேருந்து இருந்தால் எந்த நிறுத்தத்தில் ஏற்றுகிறார்கள் என்று வீடு பேசுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நிறுத்தத்துக்கு ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் வீடு அமைந்தால் அவர் பாடு பாதி குறைந்தது.

நங்கநல்லூரில் உங்கள் வாடகைக்குப் பழைய அடுக்குமாடிகளில்தான் நல்ல வீடு அமையும். லிஃப்ட் இருக்கிற புதிய கட்டடம் என்றால் கொஞ்சம் மேலே கேட்பார்கள். அது கட்டுப்படியாகவில்லை என்றால் குரோம்பேட்டை. கிண்டி அங்கிருந்து ஆறாவது நிறுத்தம். ஜிஎஸ்டி சாலை என்கிற தாம்பரம் நெடுஞ்சாலையிலேயே அரசு மருத்துவமனை. இங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு என்பது. கிழக்கே ராதா நகர், அஸ்தினாபுரம் பக்கம் என்றால் உங்கள் கணவருக்கு வழி நேர். மேற்கே ஜிஎஸ்டி சாலைப் பக்கம் என்றால் ஓஎம்ஆர் போகிறவர் தினமும் தண்டவாளத்தைத் தாண்டியே ஆக வேண்டும். வரைபடத்தில் அரை கிலோமீட்டர் போலத் தெரிவது நடப்பில் இருபது நிமிடம் தின்னும். தாம்பரமும் பக்கம் என்பதால் ஊருக்குப் போக வைகையோ பாண்டியனோ அங்கேயே ஏறிக்கொள்ளலாம். தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகளும் கோயம்பேட்டிலிருந்து, தாம்பரத்தைத் தாண்டி இருக்கிற கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. மாதம் ஒரு முறை மதுரைக்குப் போகிற குடும்பத்துக்கு இதுவும் ஒரு கணக்குதான்.

நாவலூர் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கணவனும் மனைவியும் இருவருமே ஓஎம்ஆரில் வேலை பார்த்தால் நானே நாவலூர், படூர் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு அங்கிருந்து கிண்டி என்றால் 570 பேருந்துதான் கதி. வாரத்துக்கு 12 முறை. வேண்டாம்.

வேளச்சேரி அப்படித் தள்ளிவிடுகிற இடம் இல்லை. வரைபடத்தில் பார்த்தால் உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது, கிண்டி பக்கம், கடைத்தெரு பக்கம். உறவினர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அது ஏரியைச் சுற்றி, ஏரிக்குள்ளும் வளர்ந்த ஊர். 2015 டிசம்பரிலும் தண்ணீர் நின்றது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நின்றது. ஏஜிஎஸ் காலனி, ராம் நகர்ப் பெயர்கள் ஒவ்வொரு பெருமழையிலும் செய்தியில் வரும். மேல்மாடி என்றால் தப்பிக்கலாம் என்பார்கள். தண்ணீர் மேல்மாடிக்கு வராதுதான். ஆனால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, மோட்டார் ஓடாமல், பால் வண்டி வராமல், முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் மூன்று நாள் மேலேயே இருப்பதை நினைத்துப் பாருங்கள். வேளச்சேரியில் மேடான தெருக்களும் இருக்கின்றன. உள்ளூர்க்காரர் ஒருவர் கூடவே வந்து தெருவைக் காட்டினால் மட்டும் அங்கே பாருங்கள். இன்னும் மலிவு என்று யாராவது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கூப்பிட்டால் அதே காரணத்துக்காக மறுத்துவிடுங்கள்.

சென்னையில் ஏரியா பெயர் பாதி உண்மையைத்தான் சொல்லும், மீதியைத் தெருதான் சொல்லும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் மடிப்பாக்கத்தில் ஏப்ரல் மாதத்தில் ஒரு வீடு பார்த்தோம். வெள்ளையடித்து, வேப்பமர நிழலோடு அழகாக இருந்தது. தெருவிலிருந்து வாசலுக்கு இரண்டு படி கீழே இறங்க வேண்டும். அதை நான் பார்த்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. நவம்பரில் ஒரு ராத்திரி மழையில் குளியலறைத் துவாரம் வழியாகத் தண்ணீர் மேலே பொங்கி வந்தபோதுதான் புரிந்தது. தெருவில் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில், ஒரு காலத்தில் மேட்டில் இருந்த வீடு பள்ளமாகிவிட்டது. இந்த ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே வாசலில் நின்று முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே போகப் படி ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்பதைத்தான். அடுத்து மின்சார மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பக்கத்து வீடுகளில் எல்லாம் அதைக் கழற்றித் தலை உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் அந்தத் தெரு ஏற்கெனவே ஒரு முறை நனைந்திருக்கிறது. காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரே நேர்கோடாகப் பழுப்புக் கறை இருந்தாலும் அதே கதைதான்.

புரோக்கரிடம் "மழைத்தண்ணி நிக்குமா?" என்று கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரிடம் கேளுங்கள். "2015இல் எங்க வரைக்கும் வந்துச்சுண்ணே, மிக்ஜாமுக்கு எப்படி?" என்று ஆண்டைச் சொல்லிக் கேட்டால் காலைத் தொட்டு அளவு காட்டுவார்.

அப்புறம் குடிநீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அதன் பிறகு நல்ல மழையும் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலையும் நிலைமையைத் தேற்றியிருக்கின்றன. ஆனாலும் புறநகரில் பல கட்டடங்கள் போர் தண்ணீரையும் லாரியையும் நம்பித்தான் இருக்கின்றன. வீட்டு ஓனரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: குடிநீர் வாரிய இணைப்பு இருக்கிறதா, அதில் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள். மூன்றாவதுக்குச் சட்டென்று பதில் வராவிட்டால் மெயின்டனன்ஸ் நோட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, காசு கொடுக்கப் போவது நீங்கள்தான். குளியலறையையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் கடினத் தண்ணீர். பக்கெட்டில் மஞ்சள் வளையம் இருந்தால் இரும்பு. கையில் கொஞ்சம் சோப்புப் போட்டுப் பாருங்கள், நுரை வராத தண்ணீரில் பருப்பும் சீக்கிரம் வேகாது. எங்கள் வீட்டில் அந்த ஒரு வருடம் குக்கரில் ஏழு விசில் விட்டும் துவரம்பருப்பு முழுசாகவே கிடந்தது.

எந்த மாடி என்பதில்தான் உங்களுக்கு உண்மையான சிக்கல் வரும். முழங்கால் வலிக்குத் தரைத்தளம் நல்லது, மழைக்குத் தரைத்தளம் ஆகாது. கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்துகிற மாதிரி கட்டியதில் முதல் மாடி, லிஃப்ட், லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர். இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்தால் மற்ற எதை விட்டுக்கொடுத்தாவது எடுங்கள். அறை சின்னதாக இருக்கட்டும், பால்கனி இல்லாமல் போகட்டும். இது கிடைக்காமல் லிஃப்ட் இல்லாத முதல் மாடிதான் அமைந்தால் படியின் உயரமும் கைப்பிடியும் முக்கியம். கைப்பிடி சுவரில் இல்லாவிட்டால் போட்டுத் தரச் சொல்லி ஒப்பந்தத்துக்கு முன்பே பேசுங்கள்.

பள்ளி விஷயத்தில் மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். பல தனியார் பள்ளிகளில் சேர்க்கை பொங்கலை ஒட்டியே தொடங்கிவிடும். முதலில் இடத்தை உறுதி செய்துவிட்டு அதிலிருந்து 20 நிமிட வட்டத்துக்குள் வீட்டைத் தேடுங்கள். பள்ளி வேனில் ஒரு மணி நேரம் ஊர் சுற்றி வருகிற பிள்ளைக்கு மாலையில் விளையாடத் தெம்பு இருக்காது.

பண விஷயம். பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் பழைய வழக்கம், உங்கள் வாடகைக்கு அது இரண்டரை லட்சம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைதான் உச்சம் என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதைச் சொல்லிப் பேசினால் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிற ஓனர்கள் இருக்கிறார்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே சகஜம், அது உண்டா என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இருக்கட்டும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வாங்கினால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை உங்கள் கைக்கு வராது.

"மெட்ரோ வருது சார்" என்று சொல்லி வாடகையைக் கூட்டுவார்கள். மாதவரம் – சிறுசேரி, மாதவரம் – சோழிங்கநல்லூர் பாதைகளின் வேலை நடக்கிறது என்பது உண்மை, முடிந்தால் உங்கள் கணவருக்கு நல்ல காலம். ஆனால் வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007இல் வந்தது, அங்கிருந்து பரங்கிமலை வரை நீட்ட வெறும் 5 கிலோமீட்டர், 2023இலும் அந்த வேலை முடிந்திருக்கவில்லை. இன்று ஓடுகிற ரயிலுக்கு மட்டும் வாடகை கொடுங்கள்.

ஒரு சனி, ஞாயிறு வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சாலையும் நன்றாகத்தான் இருக்கும். வெள்ளி இரவு பாண்டியனில் ஏறினால் சனி காலை தாம்பரத்தில் இறங்கலாம், இரண்டு நாள் வீடுகளைப் பாருங்கள். திங்கள்கிழமைக்கு நீங்கள் இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு, பிடித்த வீட்டு வாசலிலிருந்து காலை எட்டு மணிக்கு நீங்கள் கிண்டிக்கும் அவர் சிறுசேரிக்கும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். முடிந்தால் இந்த ஐப்பசி, கார்த்திகையில், மழை விட்ட மறுநாள் ஒரு முறை வாருங்கள். மாமியாரையும் கூட்டி வாருங்கள். அவர் அந்தப் படியை ஒரு தடவை ஏறி இறங்கி, தெருமுனைக் கடை வரை நடந்துவிட்டு வரட்டும். அதற்குப் பிறகு ஓனரிடம் பேசுங்கள்.