எகிப்திய எஃப்.என்.-49: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். எகிப்து ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட எஃப்.என்.-49 ரைஃபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கிறது. சுட்டால் காலி உறைகள் வெகுதூரம் போய் விழுகின்றன. வாங்கலாமா?

பதில்: பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டாலில் உள்ள எஃப்.என். நிறுவனத்தில் தியூதொனே சேவ் வடிவமைத்த இந்த ரைஃபிளை எகிப்து 7.92 மி.மீ. (8 மி.மீ. மவுசர்) ரவைக்கு வாங்கியது. ரிசீவரிலும் (ரைஃபிளின் உலோக உடல்) குறிபார்க்கும் பின்குறியிலும் அரபு எழுத்திலான எண்கள் இருக்கும். கட்டையில் சிறு பித்தளை வில்லை பதிந்திருக்கும். அந்த எண்களின் ஓரம் மழுங்கியிருந்தாலோ, வில்லை மரத்தைவிட மேலே துருத்தியிருந்தாலோ, தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சேகரிப்பு மதிப்பு பாதி போச்சு.

அடுத்து, ரைஃபிள் காலி என்று உறுதிசெய்துகொண்டு போல்ட்டை (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் உலோகத் துண்டு) வெளியே எடுங்கள். இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பழைய ஃபயரிங் பின் (ரவையைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) உடைவது இந்த ரைஃபிளின் தெரிந்த குறை. உடைந்த முனை போல்ட் முகத்தில் துருத்தி நின்றுவிட்டால், போல்ட் பூட்டுவதற்குள்ளேயே ரவை வெடிக்கலாம். போல்ட்டைக் காதருகே ஆட்டினால் பின் 'கடகட' என்று தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருக்கும், அல்லது பின் போயிருக்கும். வாங்கியதும் அதை மாற்றிவிடுவதே நல்லது.

சுடும்போது எழும் வாயு பிஸ்டனைத் தள்ளி, போல்ட்டைப் பின்னால் ஓட்டுகிறது. உறை தூரமாய்ப் பறப்பது அந்த வாயு அதிகமாவதால். வாயு சிலிண்டரைச் சுற்றியுள்ள வளையம் ஒரு துளையைத் திறந்து மூடும். திறந்தால் உபரி வாயு வெளியேறும். மூடினால் முழு வேகமும் பிஸ்டனில் இறங்கும், ரிசீவரும் கட்டையும் அடிவாங்கும். துளையை முழுதாகத் திறந்து, ஒரே ஒரு ரவை போட்டுச் சுடுங்கள். சுட்டதும் போல்ட் பின்னாலேயே நிற்காவிட்டால் வாயு போதவில்லை; வளையத்தைக் கொஞ்சம் மூடி, மறுபடி ஒரு ரவை. ஒழுங்காக நிற்கும் இடம் கிடைத்ததும், அழுக்குப் படிந்தாலும் இயங்குவதற்காக இன்னும் ஒரு துளி மூடினால் போதும்.

ரவையை மாற்றினால் இந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். குழல் குறுகலான 1888 மாடல் துப்பாக்கிகளை மனதில் வைத்து அமெரிக்க நிறுவனங்கள் 8 மி.மீ. மவுசர் ரவையை மென்மையாகவே நிரப்புகின்றன. ஐரோப்பிய ரவையின் அழுத்தம் கணிசமாக அதிகம். ஒன்றுக்கு வைத்த அளவு மற்றதற்குப் பொருந்தாது.

பழைய ராணுவ உபரி ரவை என்றால் பிரைமரில் (ரவையின் அடியில் முதலில் தீப்பற்றும் பகுதி) பெரும்பாலும் துருவேற்றும் உப்பு உண்டு. உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே குழல், போல்ட் முகம், வாயு சிலிண்டர், பிஸ்டன் எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். பிஸ்டனைக் கழற்றிப் பாருங்கள்: முந்தைய சொந்தக்காரர் கழுவினாரா என்பதைத் துருக்குழிகள் சொல்லிவிடும். குழல் மின்னினாலும் பிஸ்டன் அரித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். சுடுவதற்கு முன் ஹெட்ஸ்பேஸை (பூட்டிய போல்ட்டுக்கும் ரவை உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.