கடைசி நாட்களை வீட்டில் பார்த்துக்கொள்வது: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

12 வருடமாக வீடு வீடாகப் போகிற வலி நிவாரண நர்ஸ் நான். பயிற்சி எடுத்தது கோழிக்கோட்டில். மாத்திரை அளவை மட்டும் இங்கே கேட்க வேண்டாம், ஆளைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கேள்வி (முதுகலை மாணவி): வீட்டுக்கே போய்ப் பார்க்கும் இந்த வலி நிவாரண சிகிச்சை கேரளாவில் மட்டும் எப்படி ஊர் ஊராகப் பரவியது?

நல்ல கேள்வி. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் சின்னதாக ஒரு புறநோயாளிப் பிரிவு தொடங்கினார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர் பஸ் ஏறி வர முடியாது, வந்தாலும் வலி மட்டும்தான் குறையும், வீட்டில் அரிசி இல்லாததும் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் அப்படியே இருக்கும் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அதனால் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்து ஆட்களையே சேர்த்தார்கள். 16 மணிநேர வகுப்பு, நர்ஸோடு நான்கு முறை வீடுகளுக்குப் போய்வருவது, அவ்வளவுதான் பயிற்சி. ஆட்டோக்காரர், வாத்தியார், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். பணமும் பெரும்பாலும் ஊரில் சிறுகச் சிறுகத் திரட்டியதுதான். 2008-இல் மாநில அரசு இதற்கென்று கொள்கையே வெளியிட்டது, பஞ்சாயத்துகளும் உள்ளே வந்தன. ஊர் முதலில், அரசு பிறகு. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): அப்பாவுக்கு மார்ஃபின் (கடுமையான வலிக்கான மருந்து) எழுதியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாரா சிஸ்டர்?

வலிக்கு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். வலி வந்த பிறகு கொடுப்பதில்லை, வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுப்பது. ஒன்று சொல்கிறேன், எத்தனை முறை சொன்னாலும் சலிக்க மாட்டேன்: கூடவே மலமிளக்கி மாத்திரை கட்டாயம். மலச்சிக்கல் தாங்காமல் மார்ஃபினையே திடீரென்று நிறுத்திவிட்டு வலியில் துடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்கிறார்களே?

இல்லை. சரியான அளவில் கொடுத்தால் அது வலியைத்தான் குறைக்கும், ஆயுளை அல்ல. கடைசி வாரத்தில்தான் பலருக்குக் கிடைக்கிறது, அதனால் பழி அதன்மேல் விழுகிறது.

கேள்வி (தஞ்சாவூர்): பாட்டிக்குச் சேடம் இழுக்கிறது. பால் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் புரையேறும். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தடவுங்கள், சடங்குக்கும் குறை வராது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தொண்டையில் சளி இழுபடும் அந்தச் சத்தம் நமக்குத்தான் கொடுமையாக இருக்கும், அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர்): எத்தனை பேர் வீட்டிலேயே இறந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து ஒரு திட்டம் வெற்றியா என்று பார்க்கிறேன். சரியா அக்கா?

பாதி சரி. 2013-இல் காக்ரேன் என்ற உலக மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் தொகுப்பாய்வில் 23 ஆய்வுகள், 37,000-க்கு மேல் நோயாளிகள். வீட்டுக்கே வரும் சிகிச்சை இருந்தால் வீட்டில் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல், தொந்தரவுகளும் ஓரளவு குறைகின்றன. ஆனால் பார்த்துக்கொண்டவர்களின் துக்கத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதையும் படித்தீர்களா? தவிர அவையெல்லாம் பணக்கார நாட்டு ஆய்வுகள். நம் ஊரில் கையில் காசில்லாமல் வீட்டுக்குத் தூக்கிவந்து இறந்தவரும் 'வீட்டில் இறந்தவர்' கணக்கில்தான் விழுவார்.

அதே மாணவர்: நோயாளியின் விருப்பம் வீடுதானே? அதை அளப்பது எப்படித் தப்பாகும்?

விருப்பம் அவருடையது தம்பி, உழைப்பு யாருடையது? நான் போன ஒரு வீட்டில் மருமகள் ஒரு பழைய புடவைக் கிழிசலை மாமியார் கையில் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் தூங்குவார். அசைந்தால் எழுந்துகொள்ளலாம் என்று. நாலு மாதம் அப்படி. அந்த அம்மாள் வீட்டில்தான் இறந்தார், உங்கள் அட்டவணையில் ஒரு வெற்றி. மருமகளுக்கு அந்த அட்டவணையில் இடம் எங்கே?

இன்னொருவர் (கோவை): ஆஸ்பத்திரி ஐசியூவில் தனியாகக் கிடப்பதைவிட அது மேல் இல்லையா?

மேல்தான், நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்த மேன்மையை ஒரே பெண்ணின் முதுகில் ஏற்றிவிட்டு அதற்கு 'சமூகம்' என்று பெயர் வைக்காதீர்கள். மலப்புரத்தில் தன்னார்வலர் வந்து இரண்டு மணிநேரம் உட்கார்ந்தால் வீட்டுப் பெண் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர முடியும். அந்த இரண்டு மணிநேரத்தை அளந்து காட்டுங்கள், நானே உட்கார்ந்து படிக்கிறேன்.

கேள்வி: மார்ஃபின் பழக்கமாகிவிடுமா?

மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள். மலமிளக்கி.

கேள்வி: கடைசி நேரத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று உயிருடன் இருக்கும்போதே எழுதும் மருத்துவ உயில் செல்லுமா?

செல்லும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2023-இல் நடைமுறையை எளிதாக்கினார்கள், இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்பே செய்யலாம். மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் யாரைக் கேட்பது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரைக் கேளுங்கள். 2021 முதல் இருக்கிறது, வீட்டுக்கே வந்து பார்ப்பதும் அதில் உண்டு.

ஆய்வு மாணவர்: சரி அக்கா, பார்த்துக்கொள்கிறவர்களிடம் என்னதான் கேட்பது?

நேற்று ராத்திரி எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள்? கடைசியாக எப்போது வாசலைத் தாண்டினீர்கள்? உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் வருவார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வர நேரமாகும், பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருங்கள்.