லெகோ ரயில்: ஆறு ஸ்டட்டா, எட்டு ஸ்டட்டா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் இருக்கும் லெகோ ரயில் செட் 6 ஸ்டட் (லெகோ துண்டின் மேலுள்ள வட்டப் புடைப்பு) அகலம். சொந்தமாகப் பயணிகள் பெட்டி கட்ட நினைக்கிறேன். ஸ்கேல் (நிஜ அளவைச் சுருக்கும் விகிதம்) 1:38 என்று ஒருவர் சொல்கிறார், 1:48 என்று இன்னொருவர். எதைப் பின்பற்றுவது?

பதில்: ஒருவர் தண்டவாளத்தை அளந்து சொல்கிறார், மற்றவர் பெட்டியை அளந்து சொல்கிறார். இரண்டுமே சரியான கணக்குதான்.

லெகோ தண்டவாளங்களின் உள் இடைவெளி 37.5 மி.மீ. 1966-இல் மின்சார ரயில்கள் வந்ததிலிருந்து இது மாறவில்லை. நிஜ ரயில்களில் உலகில் அதிகம் புழங்கும் தண்டவாள இடைவெளியான ஸ்டாண்டர்ட் கேஜ் 1435 மி.மீ. இதை 37.5-ஆல் வகுத்தால் 1:38 கிடைக்கும். அந்த ஸ்கேலில் 3 மீட்டர் அகலமுள்ள பெட்டி 79 மி.மீ. வரும், அதாவது 10 ஸ்டட். ஒரு ஸ்டட் 8 மி.மீ. என்பதை வைத்துத் திருப்பிப் போட்டால், அதே பெட்டி 6 ஸ்டட்டில் 1:62, 7 ஸ்டட்டில் 1:54, 8 ஸ்டட்டில் 1:47 ஆகிறது. 8 ஸ்டட்காரர்கள் இதைத்தான் 1:48 என்று வசதியாகச் சொல்கிறார்கள்.

ஆகவே 6 அல்லது 8 ஸ்டட்டில் கட்டும் எவருக்கும் தண்டவாளம் பெட்டியின் ஸ்கேலுக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அகலமாகத்தான் தெரியும். 8-இல் அது கண்ணை உறுத்தாது. 6-இல் பொம்மைத் தோற்றம் வரும், சிலருக்கு அதுவே பிடிக்கும்.

ஸ்கேலைத் தீர்மானித்தபின் அதை உயரத்திலும் கடைப்பிடியுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். தண்டவாள மட்டத்திலிருந்து 4.05 மீட்டர் உயரமுள்ள பெட்டி 1:48-இல் 84 மி.மீ., ஏறக்குறைய 8 பிரிக்கும் 2 பிளேட்டும் (பிரிக் என்ற முழு உயரத் துண்டு 9.6 மி.மீ., பிளேட் என்ற தட்டைத் துண்டு 3.2 மி.மீ.). 1:62-இல் 65 மி.மீ., 7 பிரிக்குக்குச் சற்றே குறைவு. 6 ஸ்டட் அகலத்தில் 9 பிரிக் உயரம் வைத்தால் பெட்டி அலமாரியை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். வளைவில் சாயவும் செய்யும்.

கேள்வி: 8 ஸ்டட் அகலம், 64 ஸ்டட் நீளத்தில் பெட்டிகள் கட்டினேன். நேர்ப் பாதையில் அருமையாக ஓடுகின்றன. இரட்டைப் பாதை வளையும் இடத்தில் எதிர் வண்டியோடு உரசுகின்றன. அகலத்தை 7 ஆக்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. உரசுவதற்குக் காரணம் அகலத்தைவிட நீளம்.

பெட்டி வளைவில் இரண்டு விதமாக வெளியே தள்ளும். நடுப்பகுதி வளைவின் உள்பக்கமாகத் தள்ளும், மூலைகள் வெளிப்பக்கமாகத் தள்ளும். உள்தள்ளலுக்கு எளிய கணக்கு இது: அடியில் உள்ள இரண்டு சக்கரத் தொகுதிகளின் சுழல் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, வளைவு ஆரத்தின் 8 மடங்கால் வகுக்க வேண்டும். எல்லாம் ஸ்டட் கணக்கில். செட்டோடு வரும் வளைவின் ஆரம் 40 ஸ்டட், பாதையின் நடுக்கோடு வரை 320 மி.மீ. 16 துண்டு சேர்ந்தால் முழு வட்டம். சுழல் மையங்கள் 32 ஸ்டட் தள்ளி இருந்தால் 1024-ஐ 320-ஆல் வகுக்க 3.2 ஸ்டட். இந்தக் கணக்கு உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், ஆகவே அரை ஸ்டட் கூட்டிக்கொள்ளுங்கள். இதோடு பாதி அகலமான 4-ஐயும் சேர்த்தால், பெட்டியின் வயிறு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் வருகிறது என்பது தெரியும்.

சுழல் மையங்களைப் பெட்டி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடைவெளியில் வையுங்கள். அப்போது உள்தள்ளலும் வெளித்தள்ளலும் ஏறக்குறைய சமமாகும். அவற்றை ஓரங்களுக்குத் தள்ளினால் நடுப்பகுதி வீங்கும், நடுவுக்குக் கொண்டுவந்தால் மூலைகள் வாள் வீசும்.

இனி உங்கள் பாதை. வழக்கமான இரட்டைப் பாதையில் நடுக்கோடுகளுக்கு இடையே 16 ஸ்டட். உள்வட்டம் 40 ஸ்டட் ஆரம், வெளிவட்டம் 56 என்று வைத்துக்கொள்வோம். உள்வட்ட வண்டியின் மூலை வெளியே வருவதையும் வெளிவட்ட வண்டியின் வயிறு உள்ளே வருவதையும் கூட்டினால், 48 ஸ்டட் நீளப் பெட்டிக்கு 13.5 ஸ்டட். தாராளமாகப் போகும். 56 நீளத்துக்கு 15.5, அரை ஸ்டட் இடைவெளியில் மயிரிழையில் தப்பும். தண்டவாள மூட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் உரசும். உங்கள் 64-க்கு 17.8, முட்டாமல் போகவே முடியாது. அகலத்தை 7 ஆக்கினால் இரண்டு வண்டிகளிலும் அரை அரை ஸ்டட், மொத்தம் 1 ஸ்டட்தான் மிச்சமாகும். அப்போதும் 16-ஐத் தாண்டுகிறது.

வழிகள் இரண்டு. ஒன்று, பெரிய ஆர வளைவுகள். 72, 88, 104, 120 ஸ்டட் ஆரங்களில் மற்ற தயாரிப்பாளர்களின் தண்டவாளங்கள் கிடைக்கின்றன. 104 ஆரத்தில் 40 ஸ்டட் சுழல் மைய இடைவெளிக்கு உள்தள்ளல் 2 ஸ்டட்தான், 40 ஆரத்தில் அதே பெட்டிக்கு 5-க்கு மேல். ஆனால் 104 ஆரத்தில் முழு வட்டத்துக்கு 1.7 மீட்டருக்கு மேல் அகலமான இடம் வேண்டும்.

இடம் இல்லையென்றால் நீளத்தைக் குறையுங்கள். 26.4 மீட்டர் நீளப் பெட்டி 1:48-இல் முழு அளவில் கட்டினால் 69 ஸ்டட். அதை 48 முதல் 56 வரை சுருக்கலாம், அகலத்தையும் உயரத்தையும் தொடாமல். சுருக்கும்போது ஜன்னலைச் சிறிதாக்காதீர்கள், ஜன்னல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். 11 ஜன்னல் இருக்கும் இடத்தில் 8 இருந்தால் பார்ப்பவர் எண்ணமாட்டார், ஆனால் ஜன்னல் ஒடுங்கினால் உடனே தெரிந்துவிடும்.

முழுப் பெட்டியைக் கட்டும் முன் வெறும் பிளேட்களால் அதே நீள அகலத்தில் ஒரு சட்டம் செய்து, சக்கரத் தொகுதிகளைப் பொருத்தி, பாதை முழுதும் கையால் தள்ளிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

கேள்வி: 6 சிறியது, 8 கனம். நடுவில் 7 ஸ்டட் ஏன் யாரும் அதிகம் கட்டுவதில்லை?

பதில்: கட்டுபவர்கள் இருக்கிறார்கள், பொறுமைசாலிகள். சிக்கல் ஒற்றைப்படை எண்ணில் இருக்கிறது. சக்கரத் தொகுதிகளும் சுழலும் பிளேட்களும் இரட்டைப்படை அகலம், அவற்றின் நடுக்கோடு இரண்டு ஸ்டட்டுகளுக்கு இடையே விழும். 7 ஸ்டட் உடலின் நடுக்கோடு ஒரு ஸ்டட்டின் மேலேயே விழும். ஆகவே சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே அரை ஸ்டட் நகர்த்தல் தேவை. மேலே ஒரே ஒரு ஸ்டட் உள்ள ஜம்பர் பிளேட் அதைச் செய்யும். பெட்டியின் இரு முனைகளிலும் நடுவிலும் குறைந்தது ஒவ்வொரு ஜோடி போடுங்கள். முனைகளில் மட்டும் போட்டால் கையில் தூக்கும்போது நடுவில் பிரியும்.

பலன் என்னவென்றால், பெட்டிகளை இணைக்கும் நடைவழிக் கதவு 3 ஸ்டட்டில் சரியாக நடுவில் அமரும். கெடுதல், இன்ஜின் முகப்புக் கண்ணாடிகள் பெரும்பாலும் 6 ஸ்டட்டில்தான் கிடைக்கும். முகப்பை நீங்களே சிறு துண்டுகளால் கட்ட வேண்டியிருக்கும். அதற்குத் தயார் என்றால் 40 ஆர வளைவுக்கு 7 நல்ல தேர்வு.

கேள்வி: 6 ஸ்டட் பெட்டிக்குள் மினிஃபிகர்களை (லெகோவின் மனிதப் பொம்மைகளை) இரண்டிரண்டாக உட்கார வைக்க முடியவில்லை. 8-இல் முடியுமா?

பதில்: வரிசைக்கு இருவர், நடுவே ஒடுங்கிய வழி. அவ்வளவுதான் 8-இல் முடியும். மினிஃபிகர் எந்த ஸ்கேலுக்கும் ஒத்துவராத உருவம். 40 மி.மீ. உயரத்தை 1.7 மீட்டர் மனிதரோடு ஒப்பிட்டால் 1:42, அகலத்தைப் பார்த்தாலோ மனிதரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பருமன். கால்கள் 2 ஸ்டட்டில் அடங்கும், கைகளோடு சேர்த்தால் ஏறக்குறைய 3 ஸ்டட். அதனால்தான் அடுத்தடுத்து உட்கார வைத்தால் கைகள் முட்டுகின்றன. ஒருவர் கையை உயர்த்தி, பக்கத்தவர் கையைத் தாழ்த்தினால் நுழையும்.

6 ஸ்டட் பெட்டியில் இரண்டு சுவர் போக உள்ளே 4. வரிசைக்கு ஒருவரை உட்கார வைத்துத் திருப்தி அடையுங்கள். 8-இல் உள்ளே 6. சுவருக்கு முழு பிரிக் போடாமல் மெல்லிய பேனல் போட்டால் பக்கத்துக்கு அரை ஸ்டட்டுக்கு மேல் மிச்சமாகும், தோளும் கையும் அங்கே நுழைந்துகொள்ளும். 2 மீட்டர் கதவு 1:48-இல் 4.3 பிரிக், தொப்பி இல்லாத மினிஃபிகர் உரசாமல் நிற்கும்.

கேள்வி: 6-இலிருந்து 8-க்கு மாறியபின் இன்ஜின் சக்கரம் வழுக்குகிறது. சில சமயம் காந்த இணைப்பு பாதி வழியில் விட்டுவிடுகிறது. மோட்டார் பழுதா?

பதில்: மோட்டாரைக் குறை சொல்லும் முன் எடையைப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றில் ஒரு பங்கு கூடினால் வெளிச்சுவர்களின் பரப்பு 1.8 மடங்காகிறது, எடையும் ஏறக்குறைய அப்படியே.

வழுக்கல் என்றால் மோட்டார் சக்கரத்தின் ரப்பர் வளையத்தைத் துடையுங்கள், பிளந்திருந்தால் மாற்றுங்கள். பேட்டரிப் பெட்டியை மோட்டாருக்கு நேர் மேலே வையுங்கள், அந்தக் கனமே பிடிப்பைத் தரும். 6 ஏஏஏ பேட்டரி போடும் பவர்ட் அப் ஹப் (மோட்டாரை இயக்கும் லெகோவின் பேட்டரிப் பெட்டி) 4 ஸ்டட் அகலம், 8 நீளம். 6 ஸ்டட் இன்ஜினில் இரு பக்கமும் ஒரு ஸ்டட் சுவருக்குத்தான் இடம் மிஞ்சும், 8-இல் சுவரில் அலங்காரத்துக்கும் இடம் இருக்கும். ஹப்பில் இரண்டு இணைப்புகள் உண்டு. இரண்டாவது ரயில் மோட்டாரை இன்ஜினின் மறுமுனையில் எதிர்த்திசை பார்த்துப் பொருத்தினால், ஒன்றின் சுழற்சியைக் கட்டுப்பாட்டில் தலைகீழாக மாற்ற வேண்டும். மறந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அங்கேயே நிற்கும்.

பெட்டிச் சக்கரங்களில் உலோக அச்சு இருக்கட்டும். பிளாஸ்டிக் அச்சு பிளாஸ்டிக் துளையில் சுழன்றால் உராய்வு கூடும். நீள வண்டிக்கு பால் பேரிங் சக்கரங்கள் செலவுக்குத் தகுந்தவை.

காந்தம் விடுவது பெரும்பாலும் கிளம்பும்போது ஏற்படும் வெட்டு இழுப்பால். வேகத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். கனமான பெட்டிகளை இன்ஜினுக்கு அடுத்து வையுங்கள். லேசான பெட்டி முன்னாலும் கனமானவை பின்னாலும் இருந்தால், வளைவில் லேசானது உள்பக்கம் இழுக்கப்பட்டுத் தடம் புரளும். இணைப்பு காந்தத்தைப் பெட்டி உடலில் பொருத்தாமல் சக்கரத் தொகுதியிலேயே பொருத்துங்கள். உடலில் இருந்தால் மூலை வெளியே தள்ளும்போது காந்தமும் பக்கவாட்டில் போய், அடுத்த பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து நெம்பிவிடும்.

கேள்வி: நீராவி இன்ஜினுக்கு எந்தச் சக்கரம்?

பதில்: நிஜச் சக்கரத்தின் விட்டத்தை உங்கள் ஸ்கேலால் வகுத்துவிட்டுத் தேடுங்கள். 2009-இல் வந்த எமரால்டு நைட் செட்டின் பெரிய சக்கரம் சுமார் 30 மி.மீ., 1:48-இல் 1.45 மீட்டர் சக்கரத்துக்குச் சமம். விரைவு வண்டி இன்ஜின்களின் 1.8, 2 மீட்டர் சக்கரங்களுக்கு 38 முதல் 42 மி.மீ. வேண்டும், அவை மற்ற தயாரிப்பாளர்களிடம்தான். சாதாரணப் பெட்டிச் சக்கரம் சுமார் 17 மி.மீ., 1:48-இல் 0.8 மீட்டர். நிஜம் 0.9-க்கு அருகில், பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்று பெரிய அச்சு இருந்தால் நடு அச்சுக்கு விளிம்பில்லாத சக்கரம் கட்டாயம். முதலுக்கும் கடைசிக்கும் 12 ஸ்டட் தூரம் இருந்தாலே 40 ஆர வளைவில் நடு அச்சு 3.6 மி.மீ. விலக வேண்டும், விளிம்பு அதற்கு இடம் தராது.

கேள்வி: பிராட் கேஜ், மீட்டர் கேஜ் வண்டிகளை இதே தண்டவாளத்தில் கட்டலாமா?

பதில்: 1676 மி.மீ. பிராட் கேஜுக்கு இந்தத் தண்டவாளம் 1:45. 3.24 மீட்டர் அகலப் பெட்டி 9 ஸ்டட் வரும், 8-இல் கட்டினாலும் விகிதம் அதிகம் கெடாது. ஸ்டாண்டர்ட் கேஜைவிட இது லெகோவுக்குப் பொருத்தம் என்றே சொல்லலாம். மீட்டர் கேஜ் என்றால் 1:27. 2.7 மீட்டர் பெட்டிக்கு 12 ஸ்டட்டுக்கு மேல் வேண்டும், 40 ஆர வளைவை மறந்துவிடுங்கள்.

கேள்வி: பிளாட்பாரத்தை எவ்வளவு தள்ளி வைப்பது?

பதில்: நேர்ப் பாதையில் நடுக்கோட்டிலிருந்து 5 ஸ்டட். தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள் 8 ஸ்டட் என்பதால் அவற்றை ஒட்டி 4-இல் வைக்கத் தோன்றும். 6 ஸ்டட் வண்டிக்கு அது சரி, 8 ஸ்டட் வண்டி உரசும். வளைவு முடிந்த உடனே பிளாட்பாரம் தொடங்கக் கூடாது, இடையே ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்த் தண்டவாளம் விடுங்கள். 48 ஸ்டட் பெட்டிக்கு 3 துண்டு. கைப்பிடி, படிக்கட்டு, கண்ணாடி என்று பக்கவாட்டில் நீட்டியிருப்பவை எல்லாம் இந்த 5-க்குள் அடங்க வேண்டும்.