74 வயது அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இது வெறும் வயதின் மறதியா?

சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது வயதின் இயல்பு. ஆனால் காலமெல்லாம் வைத்த ரசத்தில் எதை எப்போது போடுவது என்று குழம்புவதும், பழகிய தெருவில் வழி தவறுவதும், பால் கணக்கு பிடிபடாமல் போவதும் கவனிக்க வேண்டியவை. உங்கள் அம்மாவின் அன்றாட வேலைகள் தடுமாறுகின்றனவா என்று பாருங்கள்.

அதற்குள் அல்சைமர் என்னும் மறதி நோய்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, காது மந்தம், சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் இப்படிக் காட்டும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் வந்தால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், அன்றே காட்டிவிடுங்கள்.

வீட்டில் தயவுசெய்து, “இப்போதுதானே சொன்னேன்” என்று சீறாதீர்கள். சொன்ன பதில் அவருக்கு மறந்துவிடும், பட்ட வருத்தம் தங்கிவிடும். நூறாவது முறையும் முதல் முறை போலவே பதில் சொல்லுங்கள். உயில், வங்கி நாமினி போன்றவற்றை அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் விருப்பப்படி முடித்துவிடுங்கள். வழிகாட்டல் தேவைப்பட்டால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.