தூரத் தீவுகளிலிருந்து வந்த உறைகள்: கேள்வி பதில்

போன மாதம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நம்மவர்கள் நடத்திய ஒரு சின்னக் கண்காட்சியில், என்னிடம் உள்ள தீவுத் தபால் உறைகளில் நாற்பதைப் பார்வைக்கு வைத்திருந்தேன். வந்தவர்கள் நிறையக் கேட்டார்கள். கூட்டத்தில் நின்றுகொண்டு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் ஒரு நோட்டை நீட்டி, எழுதிவிட்டுப் போங்கள் என்றேன். அந்த நோட்டில் இருந்த கேள்விகளுக்கு இங்கே பதில். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அங்கிள், ஸ்டாம்பை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து ஆல்பத்தில் வைத்தால் போதாதா? முழு உறை எதற்கு? (ஆயர் ஈத்தாம், மாணவர்)

தம்பி, அன்று மேசையின் இடது ஓரத்தில் பழுப்பேறிய ஓர் உறை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒட்டியிருப்பது சாதாரணச் சிங்கப்பூர்த் தபால் தலை. தனியாக எடுத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கடிதம் புறப்பட்டது கிறிஸ்துமஸ் தீவிலிருந்து. ஜாவாவுக்குத் தெற்கே, பாஸ்பேட் வெட்டியெடுக்கும் தீவு அது. 1900 முதல் அந்தத் தீவு பிரிட்டிஷாரின் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்திருந்தது. நம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் எல்லாம் இருந்த அதே ஆட்சிதான். போருக்குப் பிறகு சிங்கப்பூரின் கீழ் இருந்து, 1958 அக்டோபர் 1-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் கைக்குப் போனது. தீவுக்கென்று தனித் தபால் தலை வந்தது அந்த மாதம் 15-ஆம் தேதிதான். அதுவரை அங்கே ஒட்டியதெல்லாம் முதலில் நீரிணைக் குடியேற்றத் தலைகள், பிறகு சிங்கப்பூர்த் தலைகள்.

அப்படியானால் இந்தக் கடிதம் தீவிலிருந்து வந்தது என்பதற்கு என்ன அடையாளம்? தபால் நிலையம் குத்திய வட்ட முத்திரையில் இருக்கும் பெயர் மட்டும்தான். ஊறவைத்து எடுத்தால் அந்த வட்டத்தில் கால்வாசிதான் தலையோடு மிஞ்சும். யார் யாருக்கு எழுதினார், எந்த ஊர் வழியாக வந்தது, எத்தனை நாள் பிடித்தது என்பதெல்லாம் தண்ணீரோடு போய்விடும். தயவுசெய்து வெட்டாதே, ஊறவைக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1958-இல் வந்த அந்த முதல் தனித் தலைகள் ஆஸ்திரேலியத் தலையின் மாதிரிதான், அரசியின் முகத்தோடு. ஆனால் விலை மட்டும் மலாயாக் காசில் அச்சிடப்பட்டிருக்கும். நாடு மாறிவிட்டது, பணம் மாறவில்லை. அந்தத் தலையை முதன்முதலில் கையில் எடுத்த அன்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரிஸ்டன் ட குன்யாவிலிருந்து உறை வரவழைக்க ஆசை. என் முகவரி எழுதி, மலேசியத் தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்து அனுப்பினேன். ஒரு வருடம் ஆகியும் வரவில்லை. எங்கே தப்பு? (கிள்ளான்)

தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் பிரிட்டிஷ் தீவு அது. தப்பு தலையில்தான் ஐயா. மலேசியத் தலை மலேசியாவில் போடும் கடிதத்துக்கு மட்டுமே செல்லும். அந்தத் தீவில் போடும் கடிதத்துக்கு அந்தத் தீவின் தலை வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் அந்தத் தீவின் புதுத் தலைகளை வாங்கிக்கொள்வேன். தீவின் தபால் நிலையமே வெளிநாட்டவருக்கு விற்கிறது, வியாபாரிகளிடமும் கிடைக்கும். கடிதக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்து, அதற்குக் குறையாமல் என் முகவரி எழுதிய உறையில் ஒட்டுவேன். அந்த உறைக்குள் ஒரு தடித்த அட்டையை வைப்பேன், மடங்காமல் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு பெரிய உறைக்குள் போட்டு, தபால் அதிகாரிக்கு நாலு வரி மரியாதையாக எழுதி, கையால் தெளிவாக முத்திரை குத்தித் தரும்படி கேட்டு அனுப்புவேன். வெளி உறைக்குத்தான் மலேசியத் தலை.

அனைத்துலகப் பதில் கூப்பன் என்று ஒன்று உண்டு. அதை வைத்து அனுப்பினால் அங்கே தலையாக மாற்றிக்கொள்ளலாம் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அமெரிக்காவும் பிரிட்டனும் அதை விற்பதை நிறுத்தியே பல வருடங்கள் ஆகிவிட்டன. சின்னத் தீவுகளுக்கு அதை நம்பி அனுப்பாதீர்கள்.

அப்புறம் பொறுமை. கேப் டவுனிலிருந்து அந்தத் தீவுக்கு 2,700 கிலோமீட்டருக்கு மேல், கப்பலில் ஒரு வாரம் ஆகும். விமான நிலையம் கிடையாது. கப்பல் போவதே வருடத்தில் சில தடவைதான். கடல் கொந்தளித்தால் கரைக்கு எதிரே நின்றும் சரக்கை இறக்க முடியாது. 250 பேருக்கும் குறைவாக வாழும் அந்த ஊரின் பெயர் 'ஏழு கடல்களின் எடின்பரோ'. கடிதங்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய்விடும் குழப்பம் இருந்ததால் 2005-இல் TDCU 1ZZ என்று தனி அஞ்சல் குறியீடு கொடுத்தார்கள். அதை மறக்காமல் எழுதுங்கள். எனக்கு வந்த முதல் பதில் உறைக்கு ஏழு மாதம் பிடித்தது.

டிரிஸ்டன் தலைகளுக்கு ஏன் இவ்வளவு விலை என்கிறார்கள்? (செந்தூல்)

எல்லாத் தலைக்கும் இல்லை. 1952-க்கு முன்பு அங்கே தனித் தலையே கிடையாது. கடிதத்தில் குத்திய ரப்பர் முத்திரைதான் சாட்சி. 1946-இல் அங்கே ஒரு மாதிரித் தலை தயாரித்தார்கள். அதில் விலை ஒரு பென்னி அல்லது நான்கு உருளைக்கிழங்கு என்று இருந்தது! தீவில் காசு புழங்கவில்லை, கிழங்குதான் பணம். லண்டன் அதை ஏற்கவில்லை. 1961 அக்டோபரில் எரிமலை வெடித்து எல்லோரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு உதவி நிதி திரட்ட, செயின்ட் ஹெலினா தீவு டிரிஸ்டன் தலைகளின் மேல் கூடுதல் தொகை அச்சடித்து விற்றது. ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். விற்றது 434 தொகுதிகள் மட்டும். விலை என்று பேசுகிறவர்கள் அதைத்தான் பேசுகிறார்கள். அதை விரட்டிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. 1963-இல் மக்கள் ஊர் திரும்பியபோது வந்த 'மறுகுடியேற்றம்' என்று மேலச்சடித்த தலையோடு ஓர் உறை கிடைத்தால் வாங்குங்கள். விலை எட்டாத ஒன்றல்ல. வீடு திரும்பியவர்களின் கடிதம் அது.

பாட்டியின் இரும்புப் பெட்டியில் ஒரு கடிதம் கிடைத்தது. இந்தியத் தலை ஒட்டியிருக்கிறது, முத்திரை மட்டும் பினாங்கு. பக்கத்தில் 'பாக்கெபாட்' என்று ஒரு கட்டை முத்திரை வேறு. போலியா அண்ணே? (தைப்பிங்)

போலி இல்லை தங்கச்சி, அருமையான உறை! அந்தச் சொல் பிரெஞ்சு. தபால் கப்பல் என்று அர்த்தம். நடுக்கடலில் போகும் கப்பலிலேயே கடிதத்தைப் போட்டால், அது அடுத்துச் சேரும் துறைமுகத்தின் தபால் நிலையத்தில் கொடுக்கப்படும். அயல்நாட்டுத் தலை ஒட்டியிருந்தாலும் செல்லும், இது கப்பலில் போட்டது என்று காட்டத்தான் அந்த முத்திரை. தேதியைப் பாருங்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பல் 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம் வரை நம்மவர்களை ஏற்றி வந்தது. அந்தக் காலத்துத் தேதியாக இருந்தால், கப்பலில் வந்த யாரோ ஒருவர் கரை இறங்குவதற்கு முன்பே எழுதியதாக இருக்கலாம். கப்பல் பெயர் எங்கேயாவது குத்தியிருக்கிறதா, பின்பக்கமும் பாருங்கள். உள்ளே கடிதம் இருந்தால் அதை உறையிலிருந்து பிரிக்க வேண்டாம். பாட்டியிடம் கேட்க முடிந்தால் இன்றைக்கே கேட்டு, யார் எழுதியது என்று ஒரு தனித் தாளில் குறித்து வையுங்கள்.

தகர டின்னில் அடைத்துக் கடலில் எறிந்த தபால் என்று ஓர் உறை வைத்திருந்தீர்கள். உண்மையா, கதையா? (சுங்கைப் பட்டாணி)

உண்மை. பசிபிக் கடலில் உள்ள தொங்கா நாட்டைச் சேர்ந்த நியுவாஃபோவூ என்ற எரிமலைத் தீவு. சுற்றிலும் பாறை, கப்பல் நங்கூரமிட இடம் இல்லை. அதனால் கப்பலிலிருந்து கடிதங்களைத் தகர டின்னில் அடைத்துக் கடலில் போடுவார்கள். தீவு ஆட்கள் மிதக்கும் மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு நீந்திப் போய் எடுத்து வருவார்கள். அனுப்புவதும் அப்படித்தான். 1882 வாக்கில் தொடங்கிய ஏற்பாடு. 1931-இல் நீந்தியவர் ஒருவரைச் சுறா கொன்றது. அதன் பிறகு நீந்தக் கூடாது, தோணியில்தான் போக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

1930-இல் முழுச் சூரிய கிரகணம் பார்க்க விஞ்ஞானிகள் அங்கே போனார்கள். அவர்கள் எழுதிய கடிதங்களால் அந்தத் தபாலுக்குப் புகழ் வந்தது. குவென்செல் என்ற வியாபாரி உறைகளில் பல மொழிகளில் அலங்கார முத்திரைகள் குத்தத் தொடங்கினார். சந்தையில் இன்று பெரும்பாலும் கிடைப்பது அவர் கைவண்ணம்தான், உல்லாசக் கப்பல் பயணிகளுக்காகச் செய்தது. அதனால் அது மட்டம் என்று நான் சொல்லமாட்டேன், நிஜமாகக் கடலைத் தாண்டி வந்ததுதானே. ஆனால் அலங்கார முத்திரையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். தொங்காத் தலையின் மேல் தீவின் தபால் நிலைய முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா, தேதியும் கப்பல் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 1946-இல் எரிமலை வெடித்துத் தீவைக் காலி செய்தார்கள், 1958-இல்தான் திரும்பி வந்தார்கள். இடைப்பட்ட வருடத் தேதியில் யாராவது உறை காட்டினால் நடையைக் கட்டுங்கள்.

ஆள் இல்லாத தீவின் பெயரிலும் தலை வருகிறதாமே? (பிரிக்பீல்ட்ஸ்)

வந்ததுண்டு. கரீபியனில் ரெடோண்டா என்று ஒரு பாறைத் தீவு, குடியிருப்பவர் யாரும் இல்லை. 1979 முதல் அதன் பெயரில், அதை ஆளும் ஆன்டிகுவா நாடு தலை வெளியிட்டது. அங்கே யார் யாருக்குக் கடிதம் எழுதுவது? நான் வாங்குவதில்லை.

கடலுக்கு அடியில் தபால் நிலையம் என்றார்களே? (பாயான் லெப்பாஸ்)

பசிபிக் நாடான வனுவாட்டுவில் ஹைடவே தீவு, 2003-இல் திறந்தது. ஏறக்குறைய மூன்று மீட்டர் ஆழம். நனையாத அட்டையில் எழுதி நீந்திப் போய்ப் போட வேண்டும். தண்ணீருக்குள் மை நிற்காது என்பதால் முத்திரையை அழுத்திப் புடைக்க வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

உறைகளில் பழுப்புப் புள்ளி விழுகிறது. நம் ஊர் ஈரத்தில் எப்படித்தான் காப்பாற்றுவது? (பலர்)

இதைத்தான் அதிகம் பேர் எழுதியிருக்கிறார்கள், என் மனதையும் அதிகம் வருத்துவது இதுதான். என்னிடம் 1963-ஆம் வருடத்து டிரிஸ்டன் உறை ஒன்று இருந்தது. அதைச் சாதாரண பி.வி.சி. பிளாஸ்டிக் ஃபைலில் வைத்தேன். சில வருடம் கழித்துத் திறந்தால் பிளாஸ்டிக் பிசுபிசுத்து உறையோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது முத்திரையின் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் வெளியே கசிவதால் வரும் வினை அது. பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறைதான் வாங்க வேண்டும். கடையில் கேட்டு, பொட்டலத்தில் எழுதியிருப்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

பழுப்புப் புள்ளிக்குப் பெரும்பாலும் பூஞ்சைதான் காரணம், ஈரம்தான் அதற்குச் சோறு. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் நீக்கும் அலமாரி சின்ன அளவில் கிடைக்கிறது. முடியாதென்றால், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறியதும் காய வைத்தோ மாற்றியோ போட வேண்டும், போட்டு மறந்துவிட்டால் பயனில்லை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மாதம் ஒரு தடவை வெளியே எடுத்துப் புரட்டுங்கள், வெள்ளிப்பூச்சியும் தெரிந்துவிடும். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் தொடவே தொடாதீர்கள். புள்ளி விழுந்ததை வெளுக்கும் திரவம் போட்டுச் சுத்தம் செய்யவும் வேண்டாம். புள்ளியோடு இருக்கட்டும், மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

அதிகம் செலவு செய்ய முடியாது. எங்கே தொடங்கலாம்? (பட்டர்வொர்த், ஆசிரியை)

டீச்சர், நம் நாட்டிலேயே தொடங்குங்கள். லங்காவிக்கோ பங்கோருக்கோ போகும்போது உங்களுக்கே ஒரு கடிதம் போட்டு, கவுண்டரில் கொடுத்து முத்திரையைத் தெளிவாகக் குத்தித் தரச் சொல்லுங்கள். அடுத்தது கிறிஸ்துமஸ் தீவும் கோகோஸ் தீவும். 1990-களிலிருந்து ஆஸ்திரேலியத் தலையே அங்கே செல்லும் என்பதால் தலை கிடைப்பது சுலபம். அஞ்சல் எண் 6798, 6799. பழையது வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் சந்தை. லபுவான் தீவின் தலைகள் அங்கே கண்ணில் படும். 1879-இல் தொடங்கிய தனித் தலைகள் அவை. கறுப்புக் கோடுகளால் ரத்து செய்து, கடிதத்தில் ஏறாமலே வியாபாரிகளுக்கு மொத்தமாக விற்றது ஏராளம், அதனால் மலிவு. ஆனால் லபுவானிலிருந்து நிஜமாகவே பயணப்பட்ட பழைய உறை அரிது. அப்படி ஒன்றைக் கண்டால் எனக்கும் சொல்லுங்கள்.

இத்தனை வருடம் சேர்த்தும் உங்களுக்குக் கிடைக்காத உறை எது? (ஜெலுத்தோங்)

தனுஷ்கோடி. பாம்பன் தீவின் முனை. அங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல், ரயிலில் வந்த தபாலும் அதில்தான் இலங்கைக்குப் போனது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயலில் ஊரே போனது. ரயிலும் அதில் இருந்தவர்களும் போனார்கள். தபால் நிலையத்தின் இடிந்த சுவர்கள் மணலில் நிற்பதை நேரில் போய்ப் பார்த்தேன். அந்த நிலையத்தின் முத்திரையோடு, மலாயாவின் ஏதாவது ஒரு தோட்டத்து முகவரிக்கு வந்த கடிதத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பினாங்கில் எத்தனையோ உண்டு. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் எனக்கு விற்க வேண்டாம். கொஞ்ச நேரம் பார்க்கக் கொடுத்தால் போதும், நானே வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.