அமெரிக்கன் ஃபுட்பால் ஆரம்பிச்ச காலத்து ப்ளேயர்ஸ்ல உங்களுக்குப் பிடிச்சவர் யார்?

நிறைய பேர் ஜிம் தோர்ப்னு சொல்வாங்க, என் சாய்ஸ் ஃப்ரிட்ஸ் போலார்ட். 1894-ல சிகாகோல பொறந்த கறுப்பின வீரர். அஞ்சடி ஒம்பது அங்குலம், வெயிட் 75 கிலோ தான், இந்த கேமுக்கு சின்ன உடம்பு. ஆனா பந்தைக் கையில குடுத்துட்டா பிடிக்க முடியாது.

ப்ரௌன் யுனிவர்சிட்டிக்கு ஆடி 1916-ல ரோஸ் பவுல்ங்கிற பெரிய காலேஜ் மேட்ச்ல இறங்கின முதல் கறுப்பினத்தவர் இவர்தான். அப்புறம் 1919-ல ஒஹாயோல இருந்த ஏக்ரன் ஊர் டீமுக்குப் போனார். ஏக்ரன் ஜனங்களே கத்தி அசிங்கமா திட்டுவாங்களாம், அதனால டீம் ஓனரோட சுருட்டு ஃபாக்டரில டிரஸ் மாத்திட்டு உக்காந்திருப்பேன், மேட்ச் ஆரம்பிக்கிற நேரத்துக்கு கார் வந்து கூட்டிட்டுப் போகும்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார்.

கிரவுண்டுக்குள்ள நிலைமை இன்னும் மோசம். டாக்கிள் பண்ணி கீழ தள்ளின பிறகும், எதிர் டீம் ஆளுங்க மேல வந்து விழுந்து கைகால முறிக்கப் பாப்பாங்க. ரெஃப்ரி காப்பாத்துவார்னு நம்ப முடியுமா? அதனால மனுஷன் என்ன பண்ணுவார்னா, விழுந்த அடுத்த செகண்டே மல்லாக்கப் புரண்டு ரெண்டு காலையும் மேல தூக்கிடுவார், ஷூவுக்கு அடியில இருக்கிற ஸ்டட்ஸ் எல்லாம் வர்றவன் மூஞ்சியப் பாத்து நிக்கும், எவன் மேல குதிப்பான் சொல்லுங்க. எனக்கு அவரைப் பிடிச்சதுக்கு இந்த ஒரு டெக்னிக்கே போதும்.

இன்னைக்கு என்எஃப்எல்னு சொல்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீக் 1920-ல வேற பேர்ல ஆரம்பிச்சப்போ முதல் சாம்பியன் ஏக்ரன் தான். ஒரு தோல்வி கூட கிடையாது, மொத்த சீசன்லயும் எதிர் டீம்களுக்கு விட்டது வெறும் 7 பாயிண்ட். தோர்ப் இருந்த கேன்டன் புல்டாக்ஸையே ரெண்டு தடவை அடிச்சாங்க. 1921-ல போலார்ட் ஆடிக்கிட்டே கோச்சாவும் ஆயிட்டார், லீக்ல முதல் கறுப்பின ஹெட் கோச். அடுத்தவர் ஆர்ட் ஷெல், அதுவும் 1989-ல! நடுவுல 68 வருஷம் ஆளே கிடைக்கலயாக்கும்.

1926-ஓட இவரோட லீக் ஆட்டம் முடிஞ்சுது. 1934-ல இருந்து 1945 வரைக்கும் கறுப்பின வீரர்கள் யாரையுமே அந்த லீக் சேத்துக்கல, எழுத்துல எந்த ரூலும் இல்லாமலே. அந்த சமயத்துல இவர் நியூயார்க்ல ப்ரௌன் பாம்பர்ஸ்னு முழுக்க கறுப்பின வீரர்கள் இருந்த டீமுக்கு கோச்சா இருந்தார்.

பெரிய ஆட்டக்காரங்களை கௌரவிக்கிற ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல தோர்ப்புக்கு 1963-லயே, முதல் பேட்ச்லயே இடம் குடுத்துட்டாங்க. 1986-ல போலார்ட் சாகுற வரைக்கும் அவரைக் கூப்பிடல, 2005-ல தான் சேத்தாங்க.